நல்ல நிர்வாகி என்னும் சாக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் மாநகரை ஒட்டி மேற்கே இருக்கிறது டியர்பார்ன். ஒரு லட்சம் பேரைச் சற்றே தாண்டும் சிறு நகரம். கார் உற்பத்தியில் உலகத்தையே மாற்றிய ஹென்றி ஃபோர்டின் சொந்த மண். ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையகமும், ரூஜ் ஆற்றங்கரையில் அதன் மாபெரும் தொழிற்சாலையும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. 1942 முதல் 1978 வரை முப்பத்தாறு ஆண்டுகள் இந்நகரை ஒரே மேயர் ஆண்டார். அவர் பெயர் ஓர்வில் ஹப்பர்டு. பல தேர்தல்களில் தோற்ற பிறகு 1941இல் முதன்முறை வென்றவர், அதன்பின் மேயர் தேர்தலில் தோற்கவே இல்லை. பதினைந்து முறை டியர்பார்ன் மக்கள் அவரை அந்த நாற்காலியில் அமர்த்தினார்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரை இரண்டாக வகிர்ந்துவிடுகிறார்கள். நிறவெறி பிடித்தவர்தான், ஆனால் நிர்வாகத்தில் கெட்டிக்காரர் என்கிறார்கள். பழியை ஒரு தட்டிலும் புகழை இன்னொரு தட்டிலும் வைத்து முள் நடுவில் நின்றுவிட்டதாகத் திருப்தி அடைகிறார்கள். இந்தத் தராசை நாம் ஏற்கவில்லை. ஹப்பர்டின் நிர்வாகத் திறமையும் அவருடைய நிறவெறியும் ஒரே வேலையின் இரு கைகள். முன்னதைப் புகழ்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, பின்னதற்கும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

திறமையை மறுப்பதற்கில்லை. டியர்பார்னில் குப்பை குறித்த நேரத்தில் அள்ளப்பட்டது. மிச்சிகனின் கடும் குளிர்காலத்தில் அண்டை ஊர்கள் பனியில் புதைந்து கிடந்தபோது டியர்பார்னின் தெருக்களில் பனி வாரும் வண்டிகள் வேலையை முடித்திருந்தன. வரி செலுத்தும் குடிமகன் புகார் சொன்னால் நகரமன்றத்திலிருந்து ஆள் வருவார். 1948இல் நகரத்துக்கு வெளியே, மில்ஃபோர்டு அருகே, அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, ஏரியும் கூடாரமுமாக ‘கேம்ப் டியர்பார்ன்’ என்ற கோடைக்கால முகாமை நகரத்தின் செலவில் அமைத்தார். ஓய்வுபெற்ற முதியவர்கள் குளிரிலிருந்து தப்புவதற்காக, தொலைதூர ஃபுளோரிடாவின் கடலோரம் கிளியர்வாட்டரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பையே டியர்பார்ன் நகரம் சொந்தமாக்கிக்கொண்டது. ஒரு நகராட்சி தன் மக்களுக்கு இதைவிட அதிகமாக என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும்.

இவை யாருக்காகச் செய்யப்பட்டன என்பதைப் பார்த்தால் கணக்கு மாறும். ஒவ்வொரு வசதியின் மேலும் ‘ஊர்க்காரருக்கு மட்டும்’ என்ற வேலி இருந்தது. யார் ஊர்க்காரர் ஆகலாம் என்பதைத் தீர்மானிக்கும் வேலையை மேயரே எடுத்துக்கொண்டார்.

1948ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஷெல்லி – கிரேமர் வழக்கில், கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைக்கும் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு சேர்த்து முடிவு செய்யப்பட்ட வழக்குகளில் ஒன்று பக்கத்து டெட்ராய்டிலிருந்தே போனது. சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹப்பர்டு இன்னொரு கதவைச் சாத்தினார். ஃபோர்டுக்குச் சொந்தமான நிலத்தில் ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக் குடியிருப்புகள் கட்ட முன்வந்தது. வாடகை வீடு என்றால் கறுப்பினத்தவரும் குடிவந்துவிடுவார்கள் என்ற அச்சத்தை மேயர் ஊரெங்கும் விதைத்தார். திட்டத்தை மக்களின் கருத்து வாக்கெடுப்புக்கு விட்டார். நீக்ரோக்களை டியர்பார்னுக்குள் விடாதீர்கள், உங்கள் வீட்டையும் என் வீட்டையும் காப்பாற்றுங்கள் என்று சொல்லும் அச்சிட்ட அட்டைகள் வாக்காளர் கைகளில் திணிக்கப்பட்டன. திட்டம் தோற்றது. கோடை முகாமுக்கு நிலம் வாங்கியதும் குடியிருப்பைத் தடுத்ததும் ஒரே ஆண்டில், ஒரே மேயரின் கையால் நடந்தவை.

இந்த நகரத்தின் கஜானாவை நிரப்பியது யார் என்றும் கேட்க வேண்டும். டியர்பார்னின் வரி வருவாயில் பெரும்பங்கு ஃபோர்டு செலுத்தியது. ஃபோர்டின் ரூஜ் ஆலையில், மற்ற கார் கம்பெனிகள் கறுப்பின மக்களை வாசலில் நிறுத்தியிருந்த காலத்திலேயே, அவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். 1940 வாக்கில் அவர்கள் தொகை பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்படச் சாலையில், வெப்பமும் புகையும் மிகுந்த, வேறு யாரும் விரும்பாத பிரிவுகளில்தான் அவர்களில் மிகப் பலர் உழைத்தார்கள். ஷிப்டு முடிந்ததும் டெட்ராய்டுக்கோ அண்டை ஊரான இங்க்ஸ்டருக்கோ திரும்பிவிட வேண்டும். அவர்கள் வியர்வை சிந்திய ஆலை கட்டிய வரியிலிருந்துதான் டியர்பார்னின் பனி வாரப்பட்டது, முகாமின் ஏரிக்கரை பராமரிக்கப்பட்டது. அவர்களுக்கு அந்த ஏரியில் கால் நனைக்க இடமில்லை. நல்ல நிர்வாகம் என்று இன்றும் மெச்சப்படுவதன் அடியில் கிடப்பது இந்தச் சுரண்டல். மற்றவர் உழைப்பில் வந்த பணத்தை அவர்களை விலக்கிவைத்தவர்களுக்கு மட்டும் பங்கிட்டுக் கொடுப்பதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர் சூட்டுவதை நாம் மறுக்கிறோம்.

ஹப்பர்டு எதையும் மறைத்தவர் அல்லர். 1956இல் அலபாமா பத்திரிகை ஒன்றிடம், எல்லா மட்டங்களிலும் முழுமையான நிறப் பிரிவினையே தன் கொள்கை என்று பெருமையாகவே சொன்னார். ‘டியர்பார்னைச் சுத்தமாக வைத்திருங்கள்’ என்ற வாசகம் நகரத்தின் போலீஸ் கார்களில் எழுதப்பட்டிருந்தது. குப்பையைப் பற்றி மட்டுமே அது பேசவில்லை என்பது டியர்பார்னிலும் டெட்ராய்டிலும் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கறுப்பினத்தவர் தன் கார் பழுதாகி அந்த ஊர்ச் சாலையில் நின்றாலும், தன்னை நோக்கி வரும் போலீஸ் காரின் கதவில் அந்த வாசகத்தைப் படிக்க வேண்டியிருந்தது. குப்பை வண்டியில் எழுதியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்.

1963 செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையின்போது, ஒரு வீட்டு மாடிக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தார். அவர் வெள்ளையர். சாமான் இறக்க உதவியவர்கள் கறுப்பினத்தவர். கறுப்பினத்தவர் குடிவருகிறார்கள் என்று வதந்தி பரவ, நூற்றுக்கணக்கானோர் கூடி அந்த வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள். போலீஸ் வந்தது, வேடிக்கை பார்த்தது. குப்பையை ஒருநாள் தாமதித்தாலும் ஊழியரைக் கேள்வி கேட்கும் மேயரின் போலீஸ், ஒரு வீடு தாக்கப்படும்போது கையைக் கட்டி நின்றது தற்செயல் அல்ல. மத்திய அரசு ஹப்பர்டின்மேல் குடிமை உரிமை மீறலுக்குச் சதி செய்ததாக வழக்குத் தொடுத்தது. 1965இல் ஜூரி அவரை விடுவித்தது. சட்டத்தின் முன் அவர் குற்றமற்றவர் ஆனார். அந்தத் தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் ஊரின் போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பழக்கிவைத்தவரின் பொறுப்பு ஜூரியின் விடுதலையோடு தீர்ந்துபோவதில்லை.

காலம் அப்படி என்று ஒரு வாதம் எழும். அன்று எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள் என்பார்கள். இருக்கவில்லை. அதே 1963இல், ஜூன் 23 அன்று, டெட்ராய்டின் உட்வர்டு அவென்யூவில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்ற பேரணியில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்தார்கள். அவர்களோடு டெட்ராய்ட் மேயர் ஜெரோம் கவனாவும் நடந்தார். ஆலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூத்தரும் நடந்தார். சில நாட்கள் கழித்து, மிச்சிகனின் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் ராம்னி, வீட்டு விற்பனையில் நிறம் பார்ப்பதைக் கண்டித்து, செல்வர்கள் குடியிருந்த கிராஸ் பாயின்ட் பகுதியில் தாமே ஊர்வலமாகப் போனார். டியர்பார்ன் வீட்டின் மேல் கல் விழுந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். உட்வர்டு அவென்யூவுக்கும் டியர்பார்னுக்கும் காரில் அரை மணி நேரத்துக்கும் குறைவான தூரம். காலம் இரண்டு ஊர்களுக்கும் ஒன்றுதான்.

மக்கள் விருப்பத்துக்கு அவர் என்ன செய்வார் என்பது அடுத்த சாக்கு. இதற்கு ஹப்பர்டின் வாழ்க்கையே பதில் சொல்கிறது. 1966இல், வியட்நாம் போரை உடனே நிறுத்தி அமெரிக்கப் படையைத் திரும்பப் பெறலாமா என்று தம் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார் அவர். போருக்கு எதிராகப் பேசினாலே துரோகி என்று பட்டம் வாங்கிய நாட்கள் அவை. ராணுவத்தில் இருந்தவர்களும் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியவர்களும் நிறைந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவு வேண்டும். பெரும்பான்மை வேண்டாம் என்றது. ஹப்பர்டு தோற்றார், பதவி போகவில்லை. அவர் துணிச்சலுக்கு மனமாரத் தலைவணங்குகிறோம். ஆனால் அது அவர்மேல் உள்ள குற்றத்தைக் கூட்டவே செய்கிறது. மக்கள் விரும்பாத ஒரு நியாயத்தைச் சொல்லி, தோற்று, அப்படியும் அவர்கள் நம்பிக்கையை இழக்காமல் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எட்டாயிரம் மைல் அப்பால் வியட்நாமியர் தங்கள் தலைவிதியைத் தாங்களே தீர்மானிக்கட்டும் என்று சொல்லத் தெரிந்தவர், எட்டு மைல் அப்பால் டெட்ராய்டில் இருந்த தொழிலாளிக்கு வீட்டுச் சாவி தரச் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இருந்தவர் அல்லர் அவர்; சொல்ல விரும்பாதவர்.

டியர்பார்னின் தென்கோடியில், ரூஜ் ஆலையின் புகை படியும் குடியிருப்பில் நடந்தது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. லெபனான், ஏமன் முதலிய நாடுகளிலிருந்து வந்த அரபுக் குடும்பங்கள் அங்கே வேரூன்றியிருந்தன. ஹப்பர்டின் நகரமன்றம் அந்தப் பகுதியைத் தொழிற்சாலை நிலமாக்கத் திட்டமிட்டு, வீடுகளை வாங்கி இடித்துக்கொண்டே போனது. குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1973இல் மத்திய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் போராட்ட நாட்களில், 1971இல், அங்கே தோன்றிய ‘ஆக்சஸ்’ என்ற சமூக அமைப்பு இன்று அமெரிக்க அரபு மக்களின் மிகப் பெரிய சேவை நிறுவனங்களில் ஒன்று. சுத்தமான தெருக்களைத் தந்த நிர்வாகம், தனக்குப் பிடிக்காதவர்களின் தெருவை வரைபடத்திலிருந்தே துடைக்கப் பார்த்தது என்பதையும் அவருடைய சாதனைப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும்.

1974 நவம்பரில் பக்கவாதம் ஹப்பர்டை வீழ்த்தியது. அதன்பின் பேருக்கு மேயராக 1978 தொடக்கம் வரை நீடித்து, 1982 டிசம்பரில் இறந்தார். 1970 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த டியர்பார்னில் கறுப்பினத்தவர் இருபது பேர் கூட இல்லை. எல்லைக் கோட்டுக்கு அப்பால் டெட்ராய்டில் அன்று பத்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பினத்தவர்.

இங்கே தீர்ப்பு ஹப்பர்டோடு நிற்க முடியாது. பதினைந்து முறை வாக்களித்தவர்களும் இதில் பங்காளிகள். அவர்களில் பலர் தனிப்பட்ட முறையில் நல்லவர்களாகவே இருந்திருக்கக்கூடும். அக்கம்பக்கத்துக்கு உதவி, தேவாலயத்துக்குத் தவறாமல் சென்று, பிள்ளைகளை ஒழுங்காக வளர்த்தவர்கள். தங்கள் வாசலில் பனி வாரப்பட்டிருந்ததால் மற்றதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1985இல், நகரப் பூங்காக்களில் வெளியூர்க்காரர்கள் நுழையக் கூடாது என்ற சட்டத்துக்கு டியர்பார்ன் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். யார் அந்த வெளியூர்க்காரர் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே 1985 மேயர் தேர்தலில், ‘அரபுப் பிரச்சினை’ பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று துண்டறிக்கை அச்சிட்டவர் வென்று, இருபது ஆண்டுகள் மேயராக இருந்தார்.

1989இல் நகரமன்றத்தின் எதிரே ஹப்பர்டுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பக்கத்தில் நிறுத்திய நினைவுப் பலகை, குறித்த நேரத்தில் குப்பை அள்ளப்பட்டதையும் விரைவாகப் பனி அகற்றப்பட்டதையும் புகழ்ந்தது. நிறப் பிரிவினையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் அது அங்கே நின்றது. நகர அலுவலகத்துக்கு வரி கட்ட வந்த அரபு முதியவரும், வேலை கேட்டு வந்த கறுப்பின இளைஞரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். 2015இல் சிலை அகற்றப்பட்டது. பிறகு டியர்பார்ன் அருங்காட்சியகத்தின் வாசலில் மறுபடி வைத்தார்கள். 2020 ஜூனில், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு எழுந்த போராட்டங்களின் நடுவே, அது அங்கிருந்தும் எடுக்கப்பட்டுக் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தது.

2022 ஜனவரியில் அப்துல்லா ஹம்மூத் டியர்பார்னின் மேயரானார். லெபனான் வம்சாவளி, அந்நகரின் முதல் அரபு மேயர், முதல் முஸ்லிம் மேயர். இன்று டியர்பார்ன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர். இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இதைச் சொல்லி ஹப்பர்டின் கணக்கை மூடப் பார்ப்பதை ஏற்க முடியாது. வார்ப்படச் சாலையில் உழைத்து, ஓய்வுபெற்று, இறந்துபோனவர்களுக்கு டியர்பார்னில் வீடு கிடைக்கவில்லை. அந்த ஊரின் பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகள் படிக்கவில்லை. ஒரு தலைமுறை அமெரிக்கக் குடும்பங்களுக்குச் சொத்து என்றால் முதன்மையாக வீடுதான். விலை ஏறிக்கொண்டே போன அந்த வீடுகளை வாங்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டதால் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஏதுமில்லாமல் போனது. இந்த நஷ்டத்தை எந்தப் புதிய மேயரின் வெற்றியும் ஈடுகட்டாது.

சிலை போனது சரி. அதோடு நினைவும் போய்விடக் கூடாது என்று கேட்கிறோம். 1948 நவம்பரில் வாக்காளர் கையில் கொடுத்த அந்த அட்டையை டியர்பார்ன் அருங்காட்சியகம் கண்ணாடிப் பேழையில் வைக்கட்டும். அதன் அருகே 1973 நீதிமன்றத் தீர்ப்பின் நகலும், ரூஜ் வார்ப்படச் சாலையில் உழைத்து ஊருக்கு வெளியே வாழ்ந்த தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலும் இருக்கட்டும். பனி வாரும் வண்டியின் படத்தையும் வைக்கலாம், ஆட்சேபணை இல்லை. அதை ஓட்டச் செலவான பணம் எங்கிருந்து வந்தது என்று கீழே ஒரு வரி எழுதிவைத்தால்.