28 வயசுல மல்லாட்டை மிஷின் படிக்கப் போறியா?

"வேலையை விட்டுட்டு எம்.டெக். படிக்கப் போறேன், விவசாய இயந்திரம் சம்பந்தமா"ன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க மக்களே. "இந்த வயசுல காலேஜா?"ன்னு ஆரம்பிச்சு பொண்ணு கிடைக்காதுங்கற வரைக்கும் போவாங்க. இதுவே நாலு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் பண்றேன்னு சொல்லியிருந்தா பத்திரிகையில போட்டோவோட பேட்டி வந்திருக்கும் :-)

இந்த போட்டோ கோஷ்டி மேலதான் எனக்குக் கடுப்பு. மண்வெட்டி பிடிக்க நம்மளவிட நல்லாத் தெரிஞ்சவங்க ஊர்ல இருக்காங்க. அவங்க வயலுக்கு ஏத்த மிஷினை வரையத்தான் ஆள் போதலை.

எங்க விருத்தாசலத்தையே எடுத்துக்குங்க. வெளியூர்க்காரங்களுக்கு இது பீங்கான் ஊர். சுத்துவட்டாரத்துக்கு மல்லாட்டை, முந்திரி ஊர். (மல்லாட்டைன்னா நிலக்கடலை. சென்னைவாசிகள் பொறுத்தருள்க.) இங்கே இருக்கற வேளாண் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்துதான் வி.ஆர்.ஐ. ரகங்கள் வந்தது. விதைக்கு அவ்வளவு மூளையைச் செலவு பண்ணியாச்சு. செடியைப் பிடுங்கறதுக்கு? மண்ணு ஈரமா இருந்தா கையால இழுத்துடலாம். இறுகிப் போச்சுன்னா காம்பு அறுந்து செடி மட்டும் கையோட வரும், காய் மண்ணுக்குள்ள தங்கிடும். அப்புறம் களைக்கொத்தை வச்சுக் கிளறணும். பிடுங்கினதை உக்காந்து ஆயணும். இதெல்லாம் பெரும்பாலும் பொம்பளைங்க முதுகுலதான் விடியுது.

டிராக்டர்ல மாட்டற தோண்டும் கருவி இருக்கே என்பீங்க. இருக்கு. ஆனா அந்தக் கத்தி காய்க்குக் கீழே எவ்வளவு ஆழத்துல, எந்தச் சாய்வுல போகணும்ங்கறது மண்ணுக்கு மண்ணு மாறும். கொஞ்சம் மேலே போனா காயை வெட்டும். ரொம்பக் கீழே போனா மண்ணைச் சுமந்துகிட்டு டீசலைக் குடிக்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒரு விவசாயியோட சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், ரெண்டு ஏக்கர்கூட இல்லை. பெரிய வண்டி அதுல திரும்பறதுக்கே நேரம் போயிடும். யாராவது உக்காந்து இதுக்குக் கணக்கு போடணுமா வேணாமா?

"ஒரு ஸ்டார்ட்-அப் ஆரம்பிச்சு ஆறு மாசத்துல முடிச்சுடலாமே, படிப்பு எதுக்கு?" இது நம்ம சாஃப்ட்வேர் மக்கள். ராத்திரி பேட்ச் போட்டு காலையில சரி பண்ணிப் பழகினவங்க வேற எப்படிக் கேப்பாங்க! மல்லாட்டைக் கருவி அறுவடையில சொதப்பினா அடுத்த பட்டம் வர்ற வரைக்கும் அதைச் சோதிச்சுப் பாக்க வயல் கிடையாது சார். மண்ணு இரும்பை எப்படி எதிர்க்குதுன்னு முன்னாடியே ஒழுங்கா படிச்சுட்டு இறங்கறதுதான் மலிவு.

வயசு விஷயத்துக்கு வருவோம். விதைக்கும் கருவி செஞ்ச ஜெத்ரோ டல் சட்டம் படிச்ச ஆளு. 1701-ல அதைச் செஞ்சப்போ இருபதுகளோட கடைசியில இருந்தார். கொல்லர் ஜான் டீர் 1837-ல எஃகுக் கலப்பை அடிச்சப்போ வயசு 33. ஹாரி ஃபெர்குசன் 1909-ல சொந்தமா ஏரோப்ளேன் செஞ்சு பறந்துட்டு, அதுக்கப்புறம்தான் கலப்பை பக்கமே வந்தார். டிராக்டர் பின்னாடி கருவியை மூணு இடத்துல பிடிச்சு மாட்டற ஏற்பாடு அவர் புண்ணியம். நம்ம ஊர் டிராக்டர்லயும் அதேதான்.

கேட் தேர்வுக்கு வயசு வரம்பே கிடையாது. வேளாண் பொறியியலுக்குன்னு ஏ.ஜி. பேப்பர் தனியா இருக்கு. காரக்பூர் ஐ.ஐ.டி.யில துறையே இருக்கு. அப்புறம் எங்க இடிக்குது? பல இடங்கள்ல பி.இ. வேளாண் பொறியியல் முடிச்சவனுக்குத்தான் எம்.டெக். சீட்டு, என்னை மாதிரி மெக்கானிக்கல்காரன் வாசல்லயே நிக்கணும். கியரும் பேரிங்கும் நாலு வருஷம் படிச்சவனுக்கு பயிரையும் மண்ணையும் பத்தி ரெண்டு செமஸ்டர் கூடுதலா வச்சு உள்ளே விட்டா என்னங்க குறைஞ்சுடும்? ஃபீஸை நாங்களே கட்டிக்கறோம், சாமி.