ஸ்மார்ட் வொட்ச்சா, பிட்னஸ் பேண்டா? வாங்கும் முன் ஒரு கணக்கு

எமது வர்த்தகர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது மீற்றருக்கு ஐந்து ரூபா குறைப்பதற்காக அரை மணி நேரம் பேசுவோம். ஆனால் சொந்தப் பாவனைக்கு ஒரு பொருளை வாங்கப் போனால், விலை கூடியது எதுவோ அதுவே நல்லது என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். கையில் கட்டும் நவீன கடிகாரம் விடயத்தில் நானும் இந்தத் தவறைத்தான் செய்தேன்.

கடந்த வருடம் எனது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த டொக்டர், சீனி எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இனி தினமும் நடந்தே ஆக வேண்டும் என்றார். காலையில் கடை திறந்தால் இரவு பூட்டும் வரை லாச்சியடியில் அமர்ந்திருப்பவன் நான். "வாப்பா, எவ்வளவு நடக்கிறீங்க என்று பார்க்க ஒரு வொட்ச் வாங்குங்களே" என்றாள் மகள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு எனது புடவைக் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். போனேன். கடைத் தம்பி இரண்டு பொருட்களை மேசையில் வைத்தார். ஒன்று மெல்லிய பிட்னஸ் பேண்ட். மற்றையது பெரிய ஸ்மார்ட் வொட்ச். விலையில் பல மடங்கு வித்தியாசம். "ஹாஜியார், இதில கோல் கதைக்கலாம், வொட்ஸ்அப் பார்க்கலாம். உங்களுக்கு இதுதான் சரி" என்றார். பெரியதை வாங்கினேன்.

மூன்றாவது வாரம் அது லாச்சிக்குள் கிடந்தது. காரணம் எளியது. ஒவ்வோர் இரவும் அதை சார்ஜில் போட வேண்டும். வீடு போய்ச் சேரும்போது இருக்கும் களைப்பில் மறந்துவிடும். அடுத்த நாள் நடுப்பகலில் அது செத்துவிடும். உயிரோடு இருக்கும் நேரத்திலோ, ஒவ்வொரு குழுச் செய்திக்கும் கையைச் சுரண்டும். இத்தனைக்கும் கைத்தொலைபேசி ஓரடி தூரத்தில் அதே மேசையில்தான் இருக்கிறது. பிறகு போய் பேண்டை வாங்கினேன். எட்டு மாதமாக அது கையில் இருக்கிறது. இந்த அனுபவத்தோடு, பின்னர் தேடி வாசித்தறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

பிட்பிட் நிறுவனத்தின் முதலாவது கருவி 2009இல் வந்தது. ஆடையில் கொளுவிக்கொள்ளும் சிறிய பொருள் அது. சீனாவின் ஷாவோமி தனது மலிவு விலை பேண்டை 2014இல் வெளியிட்டது. அப்பிள் வொட்ச் 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. பெயர்களும் விலைகளும் வேறாக இருந்தாலும், அடிகளை எண்ணும் முறை ஒன்றுதான். கையின் அசைவை உணரும் ஒரு சிறு கருவி உள்ளே இருக்கிறது. பின்புறத்தில் மின்னும் பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பி இதயத் துடிப்பைக் கணிக்கிறது. இவை இரண்டும் இன்று சாதாரண பேண்டிலும் உண்டு. கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரிய திரைக்கும், அழைப்புக்கும், வழிகாட்டும் ஜீ.பி.எஸ். வசதிக்கும், சில உயர்ரக வகைகளில் ஈ.சீ.ஜீ. வசதிக்கும் போகிறது. அவை தேவைப்படாதவர் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

காட்டும் எண்கள் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைப் பரீட்சித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 வீதத்துக்கும் குறைவான பிழையுடன் கணித்தன. ஆனால் எரிந்த கலோரியின் அளவில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. மிக மோசமானது 93 வீதம். ஆகவே கலோரி எண்ணைப் பார்த்து இன்னொரு தட்டு புரியாணிக்குக் கணக்குப் போட வேண்டாம். புடவைக் கடைக்காரருக்கு இன்னுமொரு விடயம். துணியை விரித்து அளக்கும் கையில் கட்டினால் அந்த அசைவுகளிலும் சிலவற்றை அடிகளாக எண்ணிவிடும். மற்றக் கையில் கட்டுங்கள்.

நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கும் வைத்தியர்கள் வகுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அங்கிருந்து பரவிய எண் அது. வியாபாரிகளான எமக்கு இது விளங்காத விடயமல்ல. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வயதான பெண்களில் நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடையே, 2,700 அடி மட்டும் நடந்தவர்களை விட மரண வீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்த வித்தியாசம் கூடவில்லை. 10,000 வரவில்லையே என்று மனம் தளர்ந்து நடப்பதையே விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எவருக்கு எது?

கடையிலேயே நாளைக் கழிப்பவருக்கு, நடக்கத் தொடங்கும் எண்ணம் மட்டும் இருப்பவருக்கு, பேண்ட் தாராளமாகப் போதும். ஒரு தடவை சார்ஜ் செய்தால் பல பேண்டுகள் ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்குகின்றன. சாதாரண அப்பிள் வொட்ச்சுக்கு அந்த நிறுவனம் பல வருடங்களாகச் சொல்லிவந்த கணக்கு 18 மணித்தியாலம். கையில் இருப்பதுதான் கணக்கெடுக்கும். லாச்சியில் கிடப்பது தேங்கிய சரக்கு.

ஸ்மார்ட் வொட்ச் வீண் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் ஊரூராகப் போய் ஓடர் எடுப்பவருக்கு, களஞ்சியத்தில் இரண்டு கையாலும் வேலை செய்பவருக்கு, யார் அழைக்கிறார் என்பதை மணிக்கட்டில் பார்ப்பது உதவிதான். இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை உள்ளவருக்கு டொக்டர் சொன்னால் ஈ.சீ.ஜீ. வசதியுள்ளதை வாங்கலாம். தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு, விழுந்தால் அறிவிக்கும் வசதியுள்ளது பயன்படும். ஆனால் உங்கள் தொலைபேசியோடு அது ஒத்துப்போகுமா என்று முதலில் கேளுங்கள். அப்பிள் வொட்ச்சை அன்ட்ரொயிட் தொலைபேசியோடு இணைக்க முடியாது.

எதை வாங்கினாலும் தண்ணீர் தாங்குமா என்று பாருங்கள். நாளுக்கு ஐந்து தடவை முழங்கை வரை கழுவும் கை எமது கை. '5 ஏ.டீ.எம்.' என்று குறிப்பிட்டிருந்தால் சாதாரணமாகக் கழுவுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சுடுநீரும் சவர்க்காரமும் வேறு விடயம். பட்டி தேய்ந்தால் மாற்றுப் பட்டி கிடைக்குமா, உத்தரவாதத்தை இங்கே எவர் பொறுப்பேற்கிறார் என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சீனி அளக்கும் கடிகாரம்

இனி நான் எழுத வந்த முக்கிய விடயம். ஊசி குத்தாமலே சீனியைக் காட்டும் என்று சொல்லி ஒரு வகைக் கடிகாரத்தை விற்கிறார்கள். எனது மச்சான் ஒருவர் பல வருடங்களாகச் சீனி வருத்தம் உள்ளவர். அவர் இதை வாங்கிக் கட்டினார். ஒவ்வொரு காலையும் 105, 110 என்று காட்டியது. மனிதருக்கு மகிழ்ச்சி. விரலில் குத்திப் பார்ப்பதை நிறுத்தினார். சாப்பாட்டிலும் கட்டுப்பாடு தளர்ந்தது. மூன்று மாதத்தில் காலில் ஒரு சிறு காயம் ஆறாமல் நின்றது. இரத்தத்தைப் பரிசோதித்தபோது வெறும் வயிற்றில் 268. காயம் ஆற ஐம்பது நாள் சென்றது. கடை பாதி நேரம் பூட்டியே கிடந்தது. அந்தக் கடிகாரத்தை நான் வாங்கி ஒரு துணிச் சுருளில் கட்டிப் பார்த்தேன். துணிக்கும் 103 காட்டியது!

2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அங்கீகாரம் அளிக்கவில்லை என்று கூறியது. தோலுக்குள் செருகிய உணர்கருவி அனுப்பும் அளவைக் கடிகாரத் திரையில் பார்ப்பது வேறு. அது உண்மையான அளவீடு. இது வெறும் எண்.

இப்பத்தியை வாசிப்பவர்களில் இப்பொருட்களை விற்பவர்களும் இருப்பீர்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பதைத்தான் சொன்னோம் என்று கூற வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைப் பிழையாக வழிநடத்துவதையும் பொய்யாக எடுத்துக்கூறுவதையும் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மச்சானுக்கு அதை விற்றவரும் எம்மைப் போன்ற ஒரு கடைக்காரர்தான். அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. அறியாமல் விற்றாலும் காயம் ஒன்றுதான். "இது நடையை எண்ணும், சீனிக்கு இதை நம்ப வேண்டாம்" என்று சொல்லி விற்றால் ஒரு விற்பனை தவறலாம். வாடிக்கையாளர் தவறமாட்டார்.

கடைசியாக ஒன்று. 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் எடையைக் குறைக்க முயன்ற இளவயதினரை இரண்டு பிரிவாக்கி இரண்டு வருடம் கவனித்தார்கள். கருவி அணிந்த பிரிவினர் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். அணியாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். கருவி எமக்காக நடக்காது. கணக்குப் புத்தகம் வாங்கியதால் எவருக்கும் இலாபம் வந்ததில்லையே!

ஆகவே எனது ஆலோசனை இதுதான். முதலில் ஒரு மாதம் சும்மா நடந்து பாருங்கள். பஸ்ஸிலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்குங்கள். அந்தப் பழக்கம் நிலைத்தால் ஒரு பேண்ட் வாங்குங்கள். அதற்குப் பிறகும் ஸ்மார்ட் வொட்ச் வேண்டுமென்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். சீனியை மட்டும் விரல் நுனி இரத்தத்திலோ ஆய்வுகூடத்திலோ பாருங்கள்.