ஐஸ் போட்ட மீன் பழைய மீனா?

"ஐஸ் போட்ட மீனா? வேண்டாம், அது பழசு."

மீன் வாங்கும் இடத்தில் எங்கள் சகோதரிகள் பலர் சொல்லும் வார்த்தை இது. வெயிலில், பலகையின் மேல் பளபளவென்று கிடக்கும் மீனைத்தான் "இப்பதான் கரைக்கு வந்தது" என்று நம்பி வாங்குகிறோம். இந்த நம்பிக்கை சில வேளைகளில் வீட்டாரை வைத்தியசாலை வரை கொண்டு போய் விடுகிறது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியில் உள்ள குருக்கள்மடத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கடல் மீனும் வாவி மீனும் கைக்கெட்டும் தூரத்தில். வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. எருமைத் தயிருக்குப் பெயர் போன படுவான்கரைப் பக்கம் அது. மீன், தயிர் இரண்டையும் வைத்தே இம்மாத விஷயத்தை விளங்கிக் கொள்ளலாம்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் "தாக்க வீதம்" என்ற பாடத்தை மனனம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். வெப்பநிலை, செறிவு, மேற்பரப்பளவு, ஊக்கி என்று ஒப்புவிப்பார்கள். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறுவதுதான் தாக்கம். அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது தாக்க வீதம். மூலக்கூறுகள் போதிய சக்தியுடன் மோதினால்தான் மாற்றம் நிகழும். சூடு கூடினால் அந்தச் சக்தி பெற்ற மூலக்கூறுகளின் தொகையும் கூடும். சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் 1889இல் இதற்கு ஒரு சமன்பாடே தந்தார். பல தாக்கங்களில், சூடு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

தயிர் போடும் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. காய்ச்சிய பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு உறை ஊற்றுவார்கள். சுமார் 40 பாகையில் உறையில் உள்ள பற்றீரியாக்கள் மும்முரமாக வேலை செய்யும். மழைக்காலத்தில் அதே பால் உறைய நெடுநேரம் எடுக்கும். உறையைக் கூட்டினால் சீக்கிரம் உறையும். அதுதான் பாடத்தில் வரும் செறிவு. ஆனால் கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் தயிரே வராது. பற்றீரியாக்களும் செத்து, அவற்றின் நொதியங்களும் சிதைந்து விடும். நொதியம் என்பது உயிருள்ளவை உண்டாக்கும் ஊக்கி. சூடு கூடக் கூட ஓர் எல்லை வரைதான் அது வேகம் காட்டும்.

இனி மீனுக்கு வருவோம். சூரை, சாளை போன்ற மீன்களின் தசையில் 'ஹிஸ்டிடின்' என்ற பொருள் இயற்கையாகவே நிறைய உண்டு. அது தீங்கற்றது. மீன் செத்த பிறகு, செவுளிலும் குடலிலும் இருந்த சில பற்றீரியாக்கள் பெருகி, தம் நொதியத்தால் அதை 'ஹிஸ்டமின்' ஆக மாற்றுகின்றன. தயிர்ச் சட்டியில் நமக்காக வேலை செய்த அதே விதி இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. எங்கள் பகுதியின் 30 பாகைச் சூட்டில் சில மணி நேரமே போதும். நாற்றம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பார்வைக்கு நல்ல மீனாகவே இருக்கும்.

"நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகி விடும்தானே?" என்று கேட்பீர்கள். சரியாகாது! கொதிக்க வைத்தால் பற்றீரியா சாகும், நொதியம் அழியும். ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமின் அழியாது. பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மிளகும் புளியும் கூட்டிப் போட்டு ஆணம் காய்ச்சினால் சுவை மறையுமே தவிர, உள்ளே இருப்பது மறையாது. அடுப்பில் செய்ய முடியாத வேலையை அடுப்புக்கு முன்னரே செய்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஐஸ்.

ஒரு கணக்குப் பாருங்கள். குளிரில் மீன் கெடும் வேகத்தைக் கணித்தவர்கள், 0 பாகையில் ஒரு நாளில் ஏற்படும் கெடுதல் 10 பாகையில் ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் ஏற்பட்டு விடும் என்கிறார்கள். 30 பாகையில் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கிலோ மீனை 30 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறக்க சுமார் மூன்றில் ஒரு கிலோ ஐஸ் உருகினால் போதும். ஆனால் வெளிச் சூடும் ஐஸைத் தின்னும். அதனால் எங்கள் ஊர்ச் சூட்டுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வைப்பதே பாதுகாப்பு. பெரிய கட்டியாக வைக்காமல் நொறுக்கிப் போடுங்கள். மேற்பரப்புக் கூடினால் மீனை எல்லாப் பக்கமும் தொடும், சீக்கிரம் குளிரும். பிள்ளைகள் மனனம் செய்யும் மேற்பரப்பளவு இங்கேயும் உதவுகிறது!

ஆகவே ஐஸில் மூடி வைத்திருக்கும் வியாபாரியைக் குறை சொல்லாதீர்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, தசை விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, "பிடித்ததிலிருந்து ஐஸில் இருந்ததா?" என்று கேளுங்கள். விற்கும் இடத்தில் மட்டும் நாலு கட்டி தூவினால் போன நேரம் திரும்பி வராது.

நோன்பு காலத்தில் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். காலையில் மீன் வாங்குகிறோம், சமைப்பதோ அஸருக்குப் பிறகு. வீட்டுக்கு வந்ததும் செவுளையும் குடலையும் அகற்றிக் கழுவி, உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். அது இல்லாத வீட்டில் ரெஜிபோம் பெட்டியும் நொறுக்கிய ஐஸும் போதும். உறைந்த மீனை இளக வைக்கக் குசினி மேசையில் விடாமல் முதல் நாளிரவே பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்.

சாப்பிட்டுச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணித்தியாலங்களிலோ முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடித்து அரித்தால், நெஞ்சு படபடத்தால், வாயில் மிளகு கடித்தது போல் எரிந்தால் ஹிஸ்டமினைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கி விடும். மூச்சு முட்டினாலோ உதடு, தொண்டை வீங்கினாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் அது அந்த மீனின் கோளாறாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீடுகளில், "இந்தப் பிள்ளைக்குச் சூரை ஒத்துக் கொள்ளாது" என்று சொல்லி ஒரு பிள்ளையைக் காலமெல்லாம் ஒதுக்கி விடுகிறோம், அல்லது ஆணம் காய்ச்சிய மருமகளைக் குற்றம் சொல்கிறோம். உண்மையான ஒவ்வாமையும் உண்டு. எது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். என்ன மீன், எப்போது வாங்கியது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற விபரத்தை அவரிடம் சொல்லுங்கள்.

மாசியும் கருவாடும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. உப்பும் வெயிலும் ஈரத்தை வற்றச் செய்து தாக்கத்தை நிறுத்தி விடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் காய்வதற்கு முன் உண்டான ஹிஸ்டமின் காய்ந்த துண்டுக்குள்ளும் அப்படியே இருக்கும். விற்காமல் மிஞ்சி, மாலை வரை வெயிலில் கிடந்த சூரையைக் கருவாடு போட்டால் அது நல்ல கருவாடு ஆகாது. வீட்டில் கருவாடு போடுகிறவர்கள் அன்று காலை வந்த மீனையே வெட்டி உப்பில் போடட்டும்.