திரும்பி வரும் இரத்தமும் இருதயத் தசையும்

இருதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளம் அடைபட்டால் தசையின் உயிரணுக்கள் மடிகின்றன என்பது பலரும் அறிந்ததே. அடைப்பு நீங்கி இரத்தம் திரும்பும்போதும் அவற்றுள் ஒரு பகுதி சேதமுறுகிறது என்பதை அறிந்தவர் சிலரே. வாடிய பயிர் நீர் பாய்ந்த பின்னும் கருகுவது போன்ற விந்தை இது.

பிராணவாயு கிட்டாத வேளையில் உயிரணுவில் அமிலம் சேர்கிறது. அதனை வெளியேற்றும் முயற்சியில் சோடியமும், அதன் பின்னே கால்ஷியமும் உள்ளே குவிகின்றன. இரத்தம் திரும்பிய சில நிமிடங்களில் அமிலம் கழுவப்பட்டுவிடுகிறது. அமிலம் இருந்தவரை மூடிக் கிடந்த மைட்டோகாண்ட்ரியாவின் துளைகள் அப்போது திறந்துகொள்கின்றன. உயிரணுவின் சக்தி நிலையம் பாழாகிறது; தசைநார் அளவு மீறிச் சுருங்கிச் சிதைகிறது.

இதனைத் தடுக்க இயலும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. 1986-ல் அமெரிக்காவில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் நாயின் இருதய நாளத்தை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்தனர். நான்கு முறை இவ்வாறு செய்த பின்னர் 40 நிமிடம் அடைத்தபோது, மடிந்த தசை வழக்கமான அளவில் கால் பங்கே இருந்தது. மனிதரிடமோ கதை வேறு. துளைகளை மூடவல்ல ஸைக்ளோஸ்போரின் 2008-ல் 58 நோயாளிகளிடம் நற்பயன் காட்டியது. 2015-ல் 970 பேரிடம் பயன் காணப்படவில்லை. கையில் பட்டை கட்டி இறுக்கித் தளர்த்தும் முறையும் 2019-ல் 5,000-க்கு மேற்பட்டோரிடம் பலிக்கவில்லை.

ஆகவே ஆராய்ச்சியே வீண் என்பது அவசர முடிவு. சோதனைக்கூடத்துப் பிராணிகள் பெரும்பாலும் இளமையும் ஆரோக்கியமும் உடையவை. நோயாளிகளோ முதியவர்கள், பலர் நீரிழிவுற்றவர்கள். அத்தகைய இருதயங்களில் முதலில் சோதித்தறியாமல் ஆயிரக்கணக்கான நோயாளிகளை நாடுவது முறையன்று.

இந்திய நிலைமையில் இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தசையின் அழிவு உட்புறத்தில் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது என்பது 1977-லேயே நாய்களிடம் காட்டப்பட்டது. 2008-ல் வெளியான, நமது நாட்டின் 20,468 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், வலி தொடங்கி ஆஸ்பத்திரியை அடைய ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். காக்கப்பட வேண்டிய தசையில் பெரும்பகுதி வழியிலேயே போய்விட்டால், திரும்பும் இரத்தத்தின் சேதத்தைத் தடுக்கும் மருந்து எதனைக் காக்கும்?

இச்செய்தியை வகுப்பிலோ கிராமத்திலோ எடுத்துரைப்போர் ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். அடைப்பைத் திறப்பதால் விளையும் சேதம், திறவாமல் விடுவதால் விளையும் சேதத்தைவிட மிகச் சிறியது. அரைகுறையாகக் கேட்டவர் சிகிச்சைக்கு அஞ்சிவிடலாகாது. வியர்வையுடன் கூடிய நெஞ்சு வலியை வாயுக் கோளாறு என்று எண்ணிச் சோடா குடித்து விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இ.சி.ஜி. கருவியும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தும் அருகில் எந்த ஆஸ்பத்திரியில் உள்ளன, இரவில் அங்கே செல்ல வண்டி எப்படிக் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு சுகாதார ஊழியரும் விசாரித்து ஊரார்க்கு முன்னதாகவே தெரிவித்தல் வேண்டும்.