சித்திரக்காரன் தனக்குத் தானே காட்டும் கணக்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு இருக்கின்றன. கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றால்தான் இவ்வூரின் பெயர் தேசமெங்கும் தெரிந்திருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறையைப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். ஆனால் அந்தச் சாஸனத்தில் மற்றொரு விதியும் உண்டு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அது. நிலமும் வீடும் கல்வியும் இருந்தாலும், கணக்கு இல்லையேல் ஒன்றும் இல்லை என்று நம் முன்னோர் கருதினார்கள் போலும்!

சித்திரம் பயிலும் மாணவர்களுக்கும் இந்த விதி வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் சொல்ல விரும்புவது. ஆனால் இந்தக் கணக்கை அவர்கள் பிறருக்குக் காட்ட வேண்டியதில்லை. தங்களுக்குத் தாங்களே காட்டிக்கொண்டால் போதும்.

இப்பொழுது ஒரு பிள்ளை படம் வரைந்தால் நடப்பது என்ன? உபாத்தியாயர் மார்க்குப் போடுகிறார். அத்தை, “அச்சு அசலாக இருக்கிறதே!” என்று மெச்சுகிறாள். தகப்பனார், “இது சோறு போடுமா?” என்று கேட்கிறார். மூன்றும் பிறர் சொல்லும் தீர்ப்புகள். அந்தப் பிள்ளையோ தன் படத்தைப் பற்றித் தானாக ஒரு வார்த்தையும் நினைத்துப் பார்ப்பதில்லை. அடுத்த தாளைப் புரட்டி விடுகிறது.

எந்தச் சித்திர நோட்டை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். முக்கோணம் போல இரண்டு மலைகள். அவற்றின் நடுவே கதிர் விரிக்கும் சூரியன். கீழே ஓர் ஆறு, ஓர் ஓடம். கரையில் சாய்ந்த தென்னை. உத்திரமேரூர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதையேதான் வரைகிறார்கள்! இங்கே அப்படி இரட்டை மலை எங்கே இருக்கிறது? சூரியன் ஏரி நீரின் மேலும் நெல் வயலின் மேலும் அல்லவா உதிக்கிறான்? கண் முன்னே இருப்பதை விட்டு, எங்கிருந்தோ வந்த ஒரு படத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்து வருகிறோம். முன்பு காலண்டரைப் பார்த்துச் செய்த காரியத்தை இன்று கைப்பேசியைப் பார்த்துச் செய்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்பகுதியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, பாட்டி முறத்தில் நெல் புடைப்பதைப் பென்சிலால் வரைந்திருந்தாள். பார்த்தவர் எல்லோரும் முகத்தின் சாயலைப் புகழ்ந்தார்கள். தாளின் பின்புறத்தில் அவளே எழுதி வைத்திருந்த குறிப்போ வேறு விதமாக இருந்தது. முகம் எளிது, சினிமாப் படங்களைப் பார்த்துப் பழகியது. கைகளை வரையத் தெரியாததால் முறத்துக்குப் பின்னே மறைத்துவிட்டேன். ஆனால் பாட்டியின் வேலை முழுவதும் கைகளில் அல்லவா இருக்கிறது! இதுதான் அக்குறிப்பின் சாரம். அடுத்த தாளில் முகமே கிடையாது. கைகள் மாத்திரம் ஏழு தடவை வரையப்பட்டிருந்தன. ஏழாவது கையில் உயிர் இருந்தது. இந்தப் பலனை எந்த மார்க்கும் கொடுத்திராது.

பெரிய சித்திரக்காரர்களும் இந்த வழியிலேயே சென்றிருக்கிறார்கள். அமிர்தா ஷேர்-கில் அம்மையாரின் சரித்திரத்தைப் பாருங்கள். 1913-இல் புடாபெஸ்ட் நகரில், சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் பிறந்தவர். பதினாறாம் வயதில் பாரிஸ் சென்று சித்திரம் பயின்றார். 1932-இல் அவர் தீட்டிய ‘இளம் பெண்கள்’ என்னும் படம் மறு வருஷம் அங்கே தங்கப் பதக்கம் பெற்றது. மாணவி ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆயினும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. தம் வர்ணங்கள் மேல்நாட்டுச் சித்திரசாலைகளின் மங்கிய ஒளிக்கு உரியவை அல்ல என்று ஆசிரியரே கூறியதை அவர் பின்னால் எழுதியிருக்கிறார். சித்திரக்காரியாகத் தாம் செய்ய வேண்டிய வேலை இந்தியாவிலேயே இருக்கிறது என்று உணர்ந்து, 1934-ஆம் ஆண்டின் இறுதியில் தாய்நாடு திரும்பினார்.

மறு வருஷம் ஸிம்லாவில் ஒரு கலைச் சங்கம் அவருடைய படங்களில் சிலவற்றைத் தள்ளிவிட்டு, ஏற்றுக்கொண்டவற்றில் ஒன்றுக்குப் பரிசளித்தது. அந்தப் பரிசை வேண்டாம் என்று அவர் மறுத்து எழுதிவிட்டார்! பழைய சம்பிரதாயத்தோடு ஒத்துப் போகிறவர்களுக்கே அது பொருந்தும் என்பது அவர் கருத்து. தம் படங்களின் தரத்தைத் தாமே நிறுத்துப் பார்த்தவருக்கு அல்லவா அந்தத் துணிவு வரும்?

பிறகு அவர் தென்னாட்டு யாத்திரை வந்தார். அஜந்தாவையும் எல்லோராவையும், மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்ச் சித்திரங்களையும் கண்டார். கன்னியாகுமரி வரையில் சென்றார். ‘மணமகளின் அலங்காரம்’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமவாசிகள்’ என்னும் மூன்று படங்களும் அதன் விளைவாக 1937-இல் பிறந்தன. 1941-இல் தம் இருபத்தெட்டாம் வயதிலேயே காலமானார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாரிஸில் கற்றதை அவர் பழித்துத் தள்ளவில்லை. ஐரோப்பாவின் புதுக்கலையே இந்தியக் கலையை அறியும் கண்ணைத் தமக்குத் தந்தது என்று சொன்னார். கணக்குப் பார்ப்பது தன்னைத் தானே நிந்தித்துக்கொள்வதாகாது. கடன் வாங்கியது தவறல்ல. கடனைச் சொந்த முதல் என்று எழுதிக்கொள்வதே தவறு. சில பிள்ளைகள் படம் சரியாக வராவிட்டால் தாளைக் கிழித்து எறிந்து விடுகிறார்கள். அது கணக்கை முடிப்பதாகாது. கணக்குப் புத்தகத்தைக் கொளுத்துவதாகும்.

அமிர்தா நெடுந்தூரம் அலைந்து கண்டதை நம் பிள்ளைகள் அருகிலேயே காணலாம். உத்திரமேரூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயில் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் கட்டிய அக்கோயிலின் சிற்றறைகளில் பழஞ்சித்திரங்கள் மறைந்து கிடப்பதை 1931-இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். அங்கே வர்ணம் உதிர்ந்து கோடுகள் மாத்திரம் எஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. மாணவர்கள் பார்க்க வேண்டியது அந்த இடங்களையே. சுமார் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒரு கை எங்கே தொடங்கியது, எப்படி வளைந்தது என்பது அங்கே தெரியும். நாமக்கல்லைச் சேர்ந்த சில்பியும் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன்னே பொறுமையோடு உட்கார்ந்து வரைந்ததனால்தான் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தமிழர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

நம் யோசனை மிகவும் சிறியது, காசு செலவில்லாதது. ஒவ்வொரு படத்தின் பின்னும் பிள்ளைகள் தேதியையும் இடத்தையும் எழுதட்டும். அதன் கீழே மூன்று வரிகள்: நான் நேரில் கண்டது எது? பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது? தெரியாமல் மறைத்தது எது? உபாத்தியாயர்கள் மார்க்குப் போடுமுன் அந்த மூன்று வரிகளைப் படிக்கட்டும். பெற்றோர்களும் சோற்றுக் கேள்வியைச் சற்றே ஒத்தி வைத்து, அவற்றைப் படித்துப் பார்க்கட்டும். ஒரு வருஷம் கழித்துப் பழைய தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பினால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது பிள்ளைக்கே விளங்கும்.

தேசம் சுதந்திரம் அடைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் பிள்ளைகளின் கண்களுக்கும் அது கிடைக்க வேண்டாமா? இல்லாத மலையை அழித்துவிட்டு, இருக்கும் ஏரியை ஒரு பிள்ளை வரையத் தொடங்கும் நாளில் அது கிடைத்துவிடும்.