காலாவதி தேதியைச் சொல்லாத செல்போன்

2019 ஜனவரி 2 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டின் வருவாய் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்பதுதான் சேதி. சீனச் சந்தையின் மந்தநிலையை முதன்மைக் காரணமாகச் சொன்ன அவர், கூடவே இன்னொன்றையும் சொன்னார். குறைந்த கட்டணத்தில் பேட்டரியை மாற்றிக்கொள்ள வழி கிடைத்ததால், வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் புது ஐபோன் பக்கம் வரவில்லை.

அந்த வழி பிறந்த விதத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் தானே குறைத்துவந்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கியது. அந்த விளக்கத்தில் தொழில்நுட்ப உண்மை இருந்தது. ஆனால், காசு கொடுத்து வாங்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே 2020-ல் பிரான்ஸ் அரசு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. எழுந்த கோபத்தைத் தணிக்க, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 2018-ல் 29 டாலராகக் குறைத்தது நிறுவனம். போன் கிழடாகிவிட்டது, தலைமுழுகிவிட வேண்டியதுதான் என்று நினைத்திருந்த பலருக்கும் உண்மையில் தேவைப்பட்டது ஒரு புது பேட்டரிதான்.

ஒவ்வொரு செப்டம்பரிலும், ஒவ்வொரு தீபாவளித் தள்ளுபடியிலும் நம் வீடுகளில் எழும் ‘போனை மாற்றலாமா?’ என்ற கேள்வியை இந்தக் கதையிலிருந்து தொடங்கினால்தான் சரியான இடத்துக்குப் போக முடியும். கடைக்காரர் கேமராவைப் பற்றிப் பேசுவார். விளம்பரம் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும். நம் கையில் இருக்கும் போன் இன்னும் எத்தனை நாள் பத்திரமாக உழைக்கும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மாற்றியே தீர வேண்டிய ஆண்டுகள் இருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது 4ஜி இல்லாத போனை வைத்துக்கொண்டு அந்த மலிவு இணையத்தைத் தொட முடியவில்லை. அப்போது புது போன் வாங்கியவர்கள் ஒரு புதிய உலகத்துக்குள் நுழைந்தார்கள். இன்று ஒரு மாடலுக்கும் அதற்கு அடுத்த ஆண்டு மாடலுக்கும் நடுவே அப்படியொரு பள்ளம் இல்லை. திருமண வீடியோ எடுப்பவருக்கோ யூடியூப் நடத்துபவருக்கோ கேமரா தொழில் கருவி, அவர் வாங்கட்டும். மற்றவர்களுக்கு, இரண்டு வயதான போனிலிருந்து புதிதுக்கு மாறுவதால் அன்றாட வாழ்க்கையில் மாறப்போவது மிகக் கொஞ்சம்.

ஒரு போனை முடித்துவைப்பவை பெரும்பாலும் மூன்று. கண்ணாடி உடைவது, பேட்டரி தளர்வது, மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோவது. முதல் இரண்டுக்கும் சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி சிற்றூர்ப் பேருந்து நிலையக் கடை வரை வைத்தியர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதுக்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. அது முழுக்க முழுக்கத் தயாரிப்பாளரின் கையில் இருக்கிறது.

இந்த மூன்றாவது சாவுதான் கண்ணுக்குத் தெரியாதது. திரை பளிச்சென்று எரியும், அழைப்பு போகும், வாட்ஸ்அப் வரும். ஆனால், ஆண்ட்ராய்டில் புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், புதுப்பிப்பு வரும் போன்களில் அது அடைபடும். வராத போன்களில் திறந்தே கிடக்கும். வெறும் பேச்சுக்கான கருவியாக இருந்தவரை இது பெரிய விஷயமில்லை. இன்று வங்கிக் கணக்கும், யுபிஐயும், ஓடிபியும், ஆதாரோடு இணைந்த எண்ணும் அதே கருவியில்தான் இருக்கின்றன.

இங்கே நம் குடும்பங்களின் பழக்கம் ஒன்று என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. மகன் புது போன் வாங்குகிறான்; பழையது அப்பாவுக்குப் போகிறது. அப்பாவிடம் இருந்த அதைவிடப் பழையது அம்மாவுக்கு. பாசத்தோடும் சிக்கனத்தோடும் செய்யப்படும் காரியம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: ஓய்வூதியம் வந்து விழும் கணக்கு, வந்த இணைப்பை நம்பித் தொட்டுவிடக்கூடிய விரல், புதுப்பிப்பு நின்றுபோன போன் — மூன்றும் ஒரே கையில் சேர்கின்றன. வீட்டில் மோசடிக்கு ஆளாகும் ஆபத்து யாருக்கு அதிகமோ, அவரிடமே பாதுகாப்பு மிகக் குறைந்த கருவி இருக்கிறது. கைமாற்றிக் கொடுக்குமுன் அமைப்புகளுக்குள் போய், கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். தேதி ஒரு வருடத்துக்கு முந்தையது, தேடிப் பார்த்தும் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், பணம் புழங்கும் செயலிகளை அதில் வைக்காதீர்கள். புது போன் உண்மையில் தேவைப்படுவது அம்மாவுக்குத்தான் என்றும் அப்போது தெரியவரலாம்.

நீண்ட காலம் புதுப்பிப்பு தருவது முடியாத காரியம் இல்லை. 2013-ல் வெளிவந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது. கூகுள் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டு உறுதி கொடுக்கப்பட்டது. இவை விலையுயர்ந்த போன்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சாம்சங்கின் மலிவு வரிசையைச் சேர்ந்த ஏ16 5ஜிக்கு ஆறாண்டு உறுதி உண்டு. அப்படியிருக்க, அதே மலிவுத் தட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளோடு கைகழுவப்படும் போன்களும் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது.

தள்ளுபடியில் இருக்கும் கண்ணியும் இதுதான். புதுப்பிப்புக் காலம் பெரும்பாலும் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஆயுளில் இரண்டே ஆண்டு மிச்சமிருக்கும் மாடலை 14,000 ரூபாய்க்குத் தள்ளுபடியில் வாங்கினால் வருடத்துக்கு 7,000 ரூபாய். ஆறாண்டு மிச்சமிருக்கும் 24,000 ரூபாய் போனுக்கு வருடத்துக்கு 4,000 ரூபாய்தான். மலிவு என்று நினைத்து வாங்கியவர்தான் அதிகம் செலவழிக்கிறார். வட்டியில்லாத் தவணை என்ற ஆசை காட்டலும் அப்படியே. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்றைய திட்டங்களில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், கிரெடிட் கார்டு தவணையில் அந்த வட்டி மீதான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் விழுகின்றன.

மண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒரு ஐபோன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ 80 சதவீதம் தயாரிப்பின்போதே நிகழ்ந்துவிடுவதாக ஆப்பிளின் அறிக்கைகளே சொல்கின்றன. 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் கண்காணிப்பு அறிக்கை கணக்கிட்டது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்குகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் பல்லாயிரம் பெண்கள் போன் தயாரித்துப் பிழைக்கிறார்களே, நாம் வாங்காவிட்டால் அவர்கள் கதி என்ன என்று கேட்கலாம். அங்கே உருவாகும் ஐபோன்களில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடு போகிறது. அவர்கள் வேலையின் பாரத்தை நம் தீபாவளிச் செலவின் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

வாங்குபவரின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிடக் கூடாது. பத்து மாத்திரை கொண்ட அட்டையில்கூடக் காலாவதித் தேதி இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் போனின் பெட்டியில் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குக் குறைந்தபட்சம் எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தரப்படும் என்று தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புது மாடல்களுக்கு, சந்தையில் விற்பது நின்ற பிறகும் ஐந்தாண்டுகள் புதுப்பிப்பும், ஏழாண்டுகள் உதிரி பாகமும் கிடைக்க வேண்டும்.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, போன்களுக்குப் ‘பழுதுபார்ப்புக் குறியீடு’ தரலாம் என்று 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதன் அளவுகோல்களில் மென்பொருள் புதுப்பிப்பும் ஒன்று என்பது நல்ல தொடக்கம். ஆனால், பல அளவுகோல்களைக் கலந்து தரும் மதிப்பெண்ணுக்குள் அந்த ஒரு விவரம் கரைந்துபோய்விடக் கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு முடியும் மாதமும் ஆண்டும் பெட்டியில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சாக வேண்டும். இணையக் கடைகளும் விலையோடு சேர்த்து அதைக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தை மாடல் அறிமுகமான நாளிலிருந்து அல்லாமல், கடைசி போன் விற்பனைக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும்.