மன்னார்குடி உறவுகளுக்கு, எடிசனிலிருந்து

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் 2021



போன வருஷம் டிரம்பா பைடனா என்று ஊரே என்னிடம் கேட்டது. இந்த மாதம் 2ஆம் தேதி எங்கள் மாநில ஆளுநர் தேர்தல் நடந்தது, யாரும் கேட்கவில்லை. இங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துகிறவர் அவர்தான்.

ஜனநாயகக் கட்சி ஆளுநர் பில் மர்ஃபி இரண்டாம் முறையாக நின்றார். அவர் கட்சியின் பைடன் 16 விழுக்காடு வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம் என்பதால் சுலபமாக வந்துவிடுவார் என்றார்கள். ஆனால் எதிர்த்து நின்ற ஜாக் சியாட்டரெல்லியை அவர் தாண்டியது ஏறக்குறைய மூன்றே விழுக்காட்டில். ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஒருவர் இங்கே மறுபடி ஜெயிப்பது 1977க்குப் பிறகு இப்போதுதான்.

வித்தியாசம் இவ்வளவு குறைந்ததற்கான காரணங்களில் பெரியது வீட்டு வரி. நாட்டிலேயே இங்குதான் அதிகம். சராசரி வீட்டுக்கு வருஷம் 9,000 டாலருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. நவம்பர் 1 ஒரு தவணை, மறுநாள் ஓட்டு! வரியைப் பெரிதாக நினைப்பவர்களுக்கு இந்த மாநிலம் ஒத்துவராது என்கிற மாதிரி மர்ஃபி முன்பு பேசியதை எதிரணி விளம்பரத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. மர்ஃபிக்காக நான் வீடு வீடாகப் போனேன். ஒரு குஜராத்தி அம்மா வரிச்சீட்டை மேஜையில் விரித்து, பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், பென்ஷனில் இதை எப்படிக் கட்டுவது என்று கேட்டார். குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தச் சட்டம் போட்டவர் மர்ஃபி என்றேன். அவர் அந்த வரித் தொகையின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. அவர் கேள்வி நியாயமானது.

வதந்திகளை நம்பாதீர்கள் என்று தன் ஆட்களிடமே சொல்லி, 12ஆம் தேதி தோல்வியை ஒப்புக்கொண்ட சியாட்டரெல்லியை நான் மதிக்கிறேன். எனக்கு மனசு ஆறாதது வேறு. அதிபர் தேர்தலுக்குப் பத்தில் ஏழு பேர் ஓட்டுப் போட்ட மாநிலத்தில், இதற்கு வந்தது நான்கு பேர். பள்ளிக்கூடம், வரி, செப்டம்பரில் 30 பேரைக் கொன்ற ஐடா புயல் வெள்ளம், எல்லாம் இந்தத் தேர்தலோடு சேர்ந்தவை.

அங்கே நம் டெல்டாவில் பயிர் மூழ்கிக் கிடக்கும் படங்களைப் பார்க்கிறேன். நம் ஊரில் 2016 அக்டோபரோடு நகராட்சிக் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. ஐந்து வருஷமாக நகராட்சியைத் தனி அலுவலர்தான் பார்க்கிறார். நகராட்சித் தேர்தல் வரப்போகிறது. சட்டமன்றத்துக்கு வரிசையில் நிற்கிற நாம் வார்டு தேர்தலைச் சின்னதாக நினைத்துவிடக் கூடாது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், நம் தெருத் தண்ணீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது, அதை எப்போது தூர்வாருவீர்கள் என்று கேளுங்கள். கட்சியைப் பிறகு பார்க்கலாம்.

வாக்காளர் பட்டியல் திருத்தம் இந்த மாதம் 30ஆம் தேதி வரை நடக்கிறது. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6 எழுதிக் கொடுங்கள். வீடு மாறியவர்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை